நாற்பது பாடமும் புரிந்தது

லைல் பெர்க்ஸ்ட்ரோம் எப்படிப்பட்டவன் என்று கேட்டால் நான் அவனுடைய பூட்ஸ் கதையைத்தான் சொல்வேன். கடைக்காரி மூன்று ஜோடி எடுத்துக் காட்டிவிட்டாள். நான்காவது கேட்டால் அவளுக்குச் சிரமம் என்று, ஓர் அளவு சின்னதாக இருந்த ஜோடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். எட்டு மாதம் நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்தான். கட்டைவிரல் நகம் கருத்து விழுந்தது. தேவாலயத்தில் அந்தக் கடைக்காரி "பூட்ஸ் எப்படி இருக்கு லைல்?" என்று கேட்டபோது, "ரொம்ப வசதியா இருக்கு" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சிரிப்பை அடக்க இருமினேன்.

எங்கள் நார்ட்பியில் எல்லோரிடமும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. மினசோட்டாவில் இந்தப் பக்கத்து ஊர்களில் தட்டில் கிடக்கும் கடைசிக் கேக் துண்டை யாரும் எடுக்க மாட்டோம். ஒருவர் பாதியை வெட்டி எடுப்பார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் கத்தியில் ஒட்டுமளவு மிஞ்சும், அதையும் விட்டுவிட்டு எழுந்து போவோம். வேண்டும் என்று கேட்க மாட்டோம், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டோம். தெரியாது என்று சொல்வதென்றால் உயிர் போய்விடும். அப்படிப்பட்ட எங்களுக்கே லைலைப் பார்த்தால் பொறுக்காது.

அவன் ஊருக்கு வெளியே ஒரு பால்பண்ணையில் பிறந்தவன். அவனுக்குப் பத்தொன்பது வயதில் அவன் அப்பா மாடுகளை விற்றார். அதே வாரம் எங்கள் கூட்டுறவுச் சீஸ் ஆலையில் வந்து சேர்ந்தான். முப்பத்து மூன்று வருடம் தொட்டி கழுவினான், உப்பு மூட்டை தூக்கினான், சீஸ் கட்டி புரட்டினான். ஒருநாளும் ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் வெண்டிதான் அவன் மனைவி. "கல்யாணத்துக்கு நான்தான் கேட்டேன். சரின்னான். அவனுக்குப் பிடிச்சுதான் சொன்னானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்று அவள் எல்லோர் முன்னாலும் சொல்வாள். லைலும் சேர்ந்து சிரிப்பான். அவனைக் கிண்டல் செய்வதற்கு ஆலையில் ஒரு தலைமை இருந்தது என்றால் அது நான். என் பெயர் காலீன். சீஸ் தொட்டிகளில் வேலை. வாய்க்குப் பேர் போனவள்.

பிரச்சினை தொடங்கியது கார்டியின் நாற்காலியிலிருந்து. கார்டி எங்கள் பால் காய்ச்சும் இயந்திரத்தின் ஆபரேட்டர். இருபத்தாறு வருடம் அந்த இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு ஜனவரியில் ஓய்வு பெற்றார். ஆலைக்குள் வரும் ஒவ்வொரு சொட்டுப் பாலும் அந்த இயந்திரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே தப்பு நடந்தால் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கும். அதனால் அது ஆலையிலேயே பெரிய மரியாதையுள்ள இடம்.

அந்த இடம் ஆர்லிஸுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆர்லிஸ் நைகார்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருடமாகக் கார்டிக்கு உதவியாளாக இருந்தவள். பம்பின் சத்தம் மாறினால் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். கணவன் இறந்த பிறகு அவளுக்கு இருந்தது அந்த வேலையும், பக்கத்து ஊரில் இருக்கும் மகள் ஹைடியும்தான். அந்த நாற்காலி வேண்டும் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் கார்டியின் கடைசி மாதத்தில் அதன் கிழிந்த மெத்தையை அவளே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்துக் கொண்டுவந்தாள். எங்களுக்குப் புரிந்தது.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் அந்த இடத்தில் உட்காருகிறவர் இணையத்தில் நாற்பது பாடம் முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆறு வாரம் அவகாசம். விருப்பமுள்ள யாரும் சேரலாம். பாடம் நடத்துவது 'மெய்நிகர் நிபுணர்' என்று கடிதத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் அறிவுக்கும் வேகத்துக்கும் தகுந்தபடி தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பாராம். ஆறு பேர் சேர்ந்தோம். ஆர்லிஸ் சேர்ந்தாள். நான் சேர்ந்தேன். லைல் சேர்ந்தான், ஏனென்றால் மேலாளர் ரெனே அவனைப் பார்த்து "நீயும் சேர்றியா லைல்?" என்று கேட்டுவிட்டார். அவன் என்ன சொல்வான்!

சாப்பாட்டு அறையின் மூலையில் ஆறு டேப்லெட் வைத்தார்கள். திரையில் கிளென் வந்தார். அப்படித்தான் தன் பெயரைச் சொன்னார். ஐம்பது வயது முகம், வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி. நிஜ மனிதர் இல்லை, கணினி செய்த உருவம். ஆனாலும் கண் சிமிட்டுவார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நேற்று எங்கே விட்டோம் என்று நினைவு வைத்திருப்பார். ஒவ்வொரு விஷயமும் சொல்லி முடித்ததும் தலையைச் சற்றுச் சாய்த்து, "இது புரிந்ததா?" என்பார். கீழே இரண்டு பொத்தான். ஒன்றில் 'புரிந்தது'. இன்னொன்றில் 'மறுபடி சொல்லுங்கள்'.

லைல் முதல் நாளே "காலை வணக்கம் கிளென்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். சட்டைக் கையால் திரையைத் துடைத்துவிட்டான். மூன்றாம் நாள் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிளென் ஏதோ வால்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். லைலின் நெற்றியில் வேர்வை. பொத்தானை அழுத்தினான். 'புரிந்தது'.

"புரிஞ்சுதா உனக்கு?" என்று கேட்டேன்.

"சுத்தமாப் புரியல" என்றான் மெதுவாக, கிளெனுக்குக் கேட்டுவிடப்போகிறது என்பதுபோல. "ஆனா ரெண்டு தடவை சொல்லிட்டாரு காலீன், பாவம்."

"பாவமா? அது மிஷின்டா! ஆயிரம் தடவை சொன்னாலும் அதுக்கு வாய் வலிக்காது."

"தெரியும். இருந்தாலும் அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படிப் புரியலன்னு அமுக்குறது? அவரு மனசு என்ன பாடுபடும்?"

"உன் பூட்ஸ்காரியவிட இந்த ஆளு மேல உனக்குப் பாசம் அதிகம்போல" என்றேன். சாப்பாட்டு அறையே சிரித்தது. லைல் காது சிவக்கச் சிரித்தான்.

கிளெனுக்கோ லைல் மேல் ஒரே சந்தோஷம். 'புரிந்தது' என்று அழுத்த அழுத்த, "அருமை லைல், நீங்கள் வேகமாகக் கற்கிறீர்கள், விளக்கங்களைக் குறைத்துக்கொள்கிறேன்" என்றார். அடுத்த பாடம் இன்னும் சுருக்கம். அதற்கடுத்தது இன்னும். பாடத்தின் முடிவில் நான்கு கேள்வி வரும். தப்பாகச் சொன்னால் கிளென் ஒரு குறிப்புக் கொடுப்பார், அந்தக் குறிப்பிலேயே விடை பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். பத்தொன்பது நாளில் லைல் நாற்பது பாடத்தையும் முடித்தான். நாடு முழுவதிலும் இந்தப் பாடம் படித்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேரே அவ்வளவு வேகமாம், சான்றிதழில் அச்சடித்து வந்தது. நான் முப்பது நாளில் முடித்தேன். மற்ற மூன்று பேரும் அப்படி இப்படி முடித்துவிட்டார்கள்.

ஆர்லிஸ் ஒன்பதாம் பாடத்தில் நின்றாள்.

அவளுக்கு அழுத்தத்தைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது. அது என்ன என்று இப்போது என்னால் சொல்ல முடியும், பின்னால் தெரிந்துகொண்டேன். அந்த இயந்திரத்துக்குள் மெல்லிய எஃகுத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தகட்டின் ஒரு பக்கம் பச்சைப் பால் ஓடும், மறுபக்கம் காய்ச்சிய பால் ஓடும். காய்ச்சிய பாலின் அழுத்தம் எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் தகட்டில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் காய்ச்சியது பச்சையில் போய்க் கலக்குமே தவிர, பச்சைப் பால் இந்தப் பக்கம் வராது. கிளென் சொன்னது இவ்வளவுதான். ஆர்லிஸ் அதோடு விடவில்லை.

"சரி, கரண்டு போயிட்டு வருதுன்னு வெச்சுக்கோ" என்று அவள் திரையைப் பார்த்துச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ரெண்டு பம்பும் ஒரே நேரத்துல நிக்காது. ஒண்ணு முந்தும். அந்தக் கொஞ்ச நேரத்துல எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமா இருக்கும்? அப்ப உள்ள இருக்கற பாலை என்ன பண்ணணும்?"

கிளென் முதலில் சொன்னதையே மறுபடி சொன்னார். "இது புரிந்ததா ஆர்லிஸ்?" அவள் நேர்மையாக 'மறுபடி சொல்லுங்கள்' என்பதை அழுத்தினாள். பதினொரு தடவை அழுத்தினாள். கிளென் மிகுந்த கனிவோடு, "அவசரமில்லை, அடிப்படையிலிருந்து தொடங்கலாம்" என்று சொல்லி அவளை மூன்றாம் பாடத்துக்கு இறக்கினார். அங்கிருந்து மேலே வந்து அதே கேள்வியைக் கேட்டாள். முதல் பாடத்துக்கு இறக்கினார். 'பால் என்றால் என்ன?' ஒரு பொம்மைப் பசு திரையில் வந்து வாலை ஆட்டியது. பசுக்களோடு வளர்ந்து, பத்தொன்பது வருடம் பாலோடு கிடந்தவள் அந்தப் பொம்மைப் பசுவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ரொட்டியை மென்றுகொண்டிருந்தோம்.

ரெனே வாராவாரம் எங்கள் பெயர்களைச் சுவரில் ஒட்டுவார். முடித்தவர்களுக்குப் பச்சைக் கோடு. ஆர்லிஸுக்கு மட்டும் சிவப்பு, குட்டையாக. அதன் பக்கத்தில் 'கூடுதல் உதவி தேவை' என்று இருந்தது.

நான்காவது வாரம் ஒருநாள் காபி நேரத்தில் ஆர்லிஸ் லைலிடம் கேட்டாள். நானும் அதே மேசையில் இருந்தேன்.

"லைல், அந்த அழுத்தப் பாடம் உனக்குப் புரிஞ்சுதா?"

லைல் கோப்பைக்குள் பார்த்தான். புரியவில்லை என்று சொன்னால் அந்தப் பச்சைக் கோடு பொய்யாகிவிடும். அதைவிட, அவன் மனசில் ஓடியது எனக்குத் தெரியும், இவள் இவ்வளவு கவலைப்படுகிறாளே, தைரியம் சொல்வோம் என்று நினைத்தான்.

"ஆங்… அவ்வளவு ஒண்ணும் கஷ்டமில்ல ஆர்லிஸ்" என்றான். "நிதானமாப் பாரு. வந்துரும்."

"அப்படியா" என்றாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். "இதெல்லாம் எனக்கு ஒத்து வராது ரெனே, இளசுங்க பாக்கட்டும்" என்றாளாம். இளசு என்றது ஐம்பத்திரண்டு வயது லைலை. பொதி கட்டும் பிரிவுக்குப் போனாள். மார்ச்சில் லைல், அவள் மெத்தை தைத்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஏப்ரலில் ஆர்லிஸ் வேலையையே விட்டுவிட்டாள். முழங்கால் வலி என்றாள். நாங்கள் கேக் வெட்டினோம், முழங்காலைப் பார்த்துக்கொள் என்று ஆளாளுக்குச் சொன்னோம். ஒருவர்கூட வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மரியாதையை நினைத்தால் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து லைல் மெலிந்தான். கார்டி விட்டுப்போன பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, அவர் எந்த நேரத்தில் எதை அழுத்தினாரோ அதை அழுத்தினான். ஏன் என்று தெரியாது. "ராத்திரியில தூங்க மாட்டேங்கறான், கேட்டா நல்லா இருக்கேங்கறான்" என்று வெண்டி என்னிடம் சொன்னாள். "பதவி வந்துட்டா அப்படித்தான்" என்று நான் சிரித்தேன்.

மே மாதம் ஒரு பிற்பகலில் இடி இடித்து, மின்சாரம் போய், அடுத்த நொடியே வந்தது. பம்புகள் நின்று மறுபடி ஓடின. லைலுக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் கீழே ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினான். விளக்கு அணைந்தது. பால் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு நிம்மதி.

மறுநாள் காலை ரெனே பதிவுத்தாளைப் பார்த்தார். முந்தின நாள் பிற்பகலில் அழுத்தத்தைக் காட்டும் கோடு தலைகீழாகப் புரண்டிருந்தது. பச்சைப் பால் பக்கம் அழுத்தம் ஏறியிருந்தது. உள்ளே இருந்த பாலை மறுபடி காய்ச்சத் திருப்பி விட்டிருக்க வேண்டும், விடவில்லை. இரண்டு தொட்டிச் சீஸையும் நிறுத்தி வைத்துச் சோதிக்கச் சொன்னார். முடிவு சரியாக வரவில்லை. அத்தனையையும் கொட்டினோம். நல்ல வேளை, ஒரு கட்டிகூட வெளியே போகவில்லை.

அன்றே, பாடம் முடித்த எங்கள் ஐந்து பேரையும் சாப்பாட்டு அறையில் கூட்டினார் ரெனே. கோபக்காரர் இல்லை அவர். லைலைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"அந்த அலாரம் விளக்கு ரொம்பப் பழசு" என்றார். "சில சமயம் எரியறதே இல்லையாமே. நேத்தும் எரியலதானே லைல்? அப்படின்னா மிஷின் கோளாறுன்னு எழுதிடறேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு வார்த்தையைத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். நான் அதற்காகக் காத்திருந்தேன். இதை வைத்து ஒரு மாதம் கிண்டல் செய்யலாம் என்றுகூட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசில் ஓடியது.

"எரிஞ்சுது" என்றான் லைல்.

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. எதுக்கு எரியுதுன்னு எனக்குத் தெரியல. அணைச்சுட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது ரெனே. நாப்பது பாடத்துல ஒண்ணுகூடப் புரியல. எல்லாத்துக்கும் புரிஞ்சுதுன்னு அமுக்கிட்டேன். அந்தாளு… கிளென்… அவ்வளவு மரியாதையாக் கேட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. ரெனே அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வேற யாராவது?"

நான்கு பேரும் அவரவர் காபியைப் பார்த்தோம். சுவரில் பழைய பட்டியல் இன்னும் ஒட்டியிருந்தது, எல்லோருக்கும் பச்சைக் கோடு. ரெனே பெருமூச்சு விட்டார். நாற்பது பாடமும் முடித்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, அந்த இயந்திரத்தைத் தெரிந்தவள் வீட்டில் முழங்காலைத் தடவிக்கொண்டு இருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"ஆர்லிஸ் திரும்பி வருவாளான்னு யாராவது போய்க் கேக்கணும். பாடம் கீடம் ஒண்ணும் வேண்டாம், மேலிடத்துல நான் பேசிக்கறேன்" என்றார்.

"நான் போறேன்" என்றான் லைல். பிறகு கதவருகில் என்னைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வாயேன் காலீன், எனக்குத் தனியாப் பேச வராது" என்றான்.

என் காரில்தான் போனோம். வழியெல்லாம் நான்தான் மழையைப் பற்றியும் சோள விதைப்பைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தேன்.

ஆர்லிஸின் வீட்டு முற்றத்தில் அவளுடைய கார் இல்லை. அவள் கதவைத் திறந்தாள், சந்தோஷப்பட்டாள், காபி வைத்தாள். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. சமையலறையில் உட்கார்ந்ததும் நான் சுற்றிலும் பார்த்தேன். அடுப்பின் மேல் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது: 'அணைத்தாயா?' கதவில் இன்னொன்று: 'சாவி. கைப்பை.' அலமாரிக் கதவுகளில் ஒவ்வொன்றாக: 'கோப்பைகள்', 'மாவு', 'மாத்திரை, காலை மட்டும்'. அழகான, திருத்தமான கையெழுத்து. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

லைல் காபியைத் தொடவில்லை.

"ஆர்லிஸ், அன்னிக்கு நீ கேட்டியே, அழுத்தப் பாடம் புரிஞ்சுதான்னு. கஷ்டமில்லன்னு சொன்னேன். அது பொய்."

"பொய்யா?"

"எனக்குப் புரியவே இல்ல. அன்னிக்கும் புரியல, இன்னிக்கும் புரியல. நீ கேட்ட கேள்வியே எனக்குப் புரியல. அந்தக் கேள்விதான் நேத்து எங்களுக்கு நடந்துது." நடந்ததை எல்லாம் சொன்னான். திக்கித் திக்கி, தன்னை ஒரு இடத்திலும் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னான்.

ஆர்லிஸ் அடுப்பின் மேலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாவுக்கு என் வயசுலதான் ஆரம்பிச்சுது" என்றாள். "முதல்ல கணக்கு மறந்துது. அப்புறம் அடுப்பு. கடைசில என்னையே யாருன்னு கேட்டா. எனக்கும் அது வந்துடுச்சுன்னு நெனச்சேன். பத்தொன்பது வருஷமாப் பாத்த மிஷின், ஒரு பாடம் தலையில ஏற மாட்டேங்குது, எல்லாரும் முடிச்சுட்டாங்க. அந்தப் பொம்மைப் பசு வந்துதே, அன்னிக்கே எனக்கு முடிவாயிடுச்சு."

"ஐயோ ஆர்லிஸ்" என்றான் லைல்.

"ஹைடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. கடிகாரம் வரையச் சொன்னாரு, வரைஞ்சேன். அஞ்சு வார்த்தை சொல்லிட்டு அப்புறமாக் கேட்டாரு, அஞ்சையும் சொன்னேன். ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கீங்கன்னாரு. நான்தான் நம்பல. லைலுக்கே புரியறது எனக்குப் புரியலன்னா, அப்புறம் என்ன ஒண்ணுமில்ல?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காத லைல். மன்னிச்சுக்கோ" என்றாள். அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள்! லைல் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். முப்பத்து மூன்று வருடத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

காரை ஹைடியிடம் கொடுத்துவிட்டாளாம், எங்கேயாவது வழி மறந்து போய்விடுவோம் என்ற பயத்தில். புத்தி தெளிவாக இருக்கும்போதே என்று வீட்டையும் மகள் பேருக்கு எழுதிவிட்டாளாம். எல்லாவற்றையும் வானிலை சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. ஒருவனுக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிட்டது. இன்னொருத்திக்கும் புரியவில்லை என்றால், அப்புறம் தன் தலையில் கோளாறே இல்லை என்று நம்பிவிடலாம். அதற்காகக் கேட்டாள்.

"நீ, காலீன்? உனக்கும் பச்சைக் கோடுதானே. உனக்கு அது புரிஞ்சுதா?"

லைல் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். இல்லை என்ற ஒரு சொல்தான் நான் சொல்ல வேண்டியது. எனக்கும் ஒரு எழுத்து புரியவில்லை. முதல் பாடத்திலிருந்து நாற்பதாம் பாடம் வரைக்கும் நானும் 'புரிந்தது' என்றுதான் அழுத்தினேன். கிளெனின் மனசு நோகும் என்று அல்ல, பக்கத்து இருக்கைக்காரி என் திரையைப் பார்த்துவிடுவாள் என்று. ஆனால் முப்பது வருடமாக லைலைக் கேலி செய்த வாய் இது. அவன் எதிரிலேயே, அவனும் நானும் ஒன்றுதான் என்று இதற்குச் சொல்ல வரவில்லை.

"ஓரளவுக்குப் புரிஞ்சுது" என்றேன்.

ஆர்லிஸ் தலையாட்டினாள். "அதானே. நீ சுறுசுறுப்பு" என்றாள். முகத்தில் வந்த வெளிச்சம் போய்விட்டது. எழுந்து அடுப்பருகே போனாள், அது அணைந்திருக்கிறதா என்று காகிதத்தைப் படித்துப் படித்துப் பார்த்தாள். வேலைக்கு வருவதைப் பற்றி லைல் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் வர மாட்டேன் என்று அர்த்தம்.

திரும்பும்போது லைல் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும். 'வேறு யாராவது' என்று ரெனே கேட்டபோது நான் காபிக்குள் பார்த்ததை அவனும் பார்த்தான். என்னை அங்கேயே, ஆர்லிஸின் முன்னாலேயே பிடித்து உலுக்கியிருக்கலாம். அவன் வீட்டு வாசலில் இறங்கும்போது, "கூட வந்ததுக்கு ரொம்ப நன்றி காலீன்" என்றான்.

லைல் இப்போது மறுபடி தொட்டி கழுவுகிறான். நாற்காலியில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார். நான் யாரையும் கிண்டல் செய்வதில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள். ஆர்லிஸின் வீடு என் வீட்டிலிருந்து நான்கு மைல். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைக்குப் போகிற வழியில் அதைத் தாண்டித்தான் போகிறேன், ஒருநாளும் நிறுத்தவில்லை. அவள் இன்னும் கார் ஓட்டுவதில்லை.